அப்பன் ரத்தம் எங்கே போகும்?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குப் பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். இரண்டு பையன்கள். என் மாமனார் குடித்தே செத்தார். என் வீட்டுக்காரர் அப்படியில்லை. கல்யாணம், காதுகுத்து என்றால் கொஞ்சம் குடிப்பார், அவ்வளவுதான். கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்த பிறகுதான் தினமும் குடிக்க ஆரம்பித்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலை வந்து, வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெரியவனுக்கு 24 வயது. தஞ்சாவூரில் என் தம்பி வீட்டில் தங்கி பாலிடெக்னிக் படித்தவன். இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான். தங்கமான பிள்ளை. எப்போதாவது நண்பர்களோடு குடிப்பான், ஆனால் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தப்பாது. சின்னவனுக்கு 19. பிறந்ததிலிருந்தே வாலு. பத்து வயதில் ஆற்றுப் பாலத்திலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டான்; கட்டுப் பிரித்த மறுவாரம் அதே பாலத்திலிருந்து மறுபடி குதித்தான். எட்டாவது படிக்கும்போதே கூல் லிப் புகையிலைப் பொட்டலம் வைத்திருந்தான் என்று பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். காலேஜை முதல் வருஷத்தோடு நிறுத்திவிட்டான். போன மாதம் மோட்டார் கொட்டகைப் பரணில் காலி மாத்திரை அட்டைகள் ஒரு பை நிறையக் கிடந்தன. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறான். வெளியே போகாமல் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி கொட்டாவியாக விடுகிறான், வயிற்றால் போகிறது. காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

ஒரே வயிறு, ஒரே சோறு, ஒரே வீடு. ஒருத்தன் இப்படி, ஒருத்தன் அப்படி. ‘தாத்தன் ரத்தம், அப்பன் ரத்தம், அது எங்கே போகும்’ என்கிறார் என் நாத்தனார். இவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிடு என்கிறான் என் தம்பி. ரத்தத்தில் இருப்பதை மருந்து மாற்றுமா?

பதில்:

அம்மா, முதலில் அந்தக் கஷாயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு வந்தது காய்ச்சல் இல்லை. மூக்கும் கண்ணும் ஒழுகுவது, ஓயாத கொட்டாவி, உடம்பு மயிர் குத்திட்டு நிற்பது, கைகால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, ராத்தூக்கம் இல்லாமை, இவையெல்லாம் கூட்டமாக வந்தால் அபின் வகை மருந்து உடம்பை விட்டு இறங்குகிறது என்று பொருள். டாபென்டடால், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் அபினும் ஹெராயினும் மூளையில் எந்த இடத்தில் போய் உட்காருமோ அங்கேதான் உட்காருகின்றன. அட்டையில் இருந்த பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அறிகுறியே பாதி சொல்லிவிட்டது. அட்டைகளைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வையுங்கள், வரும்போது வேண்டும்.

முழுக்கைச் சட்டைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கமும் வந்துவிட்டது. அவன் அசந்து தூங்கும்போது முழங்கை மடிப்பையும் புறங்கையையும் பாருங்கள். கறுத்த கோடு, புடைப்பு, சீழ் ஏதாவது இருந்தால் இந்த வாரமே மருத்துவமனை. வாயால் விழுங்கச் செய்த மாத்திரையில் மருந்து மட்டும் இருக்காது, அதைக் கட்டியாக்கும் மாவுப் பொருளும் இருக்கும். அது ரத்தக்குழாய் வழியாகப் போய் நுரையீரலின் மெல்லிய குழாய்களை அடைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் போட்டுக்கொண்டால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் கதவு திறந்த மாதிரி. அதனால் போதைக்கான சிகிச்சையோடு இந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இனி உங்கள் நாத்தனார் சொன்ன ரத்தம். அதே ரத்தம்தானே அவர் உடம்பிலும் ஓடுகிறது? அவர் குடிக்கிறாரா? விளையாட்டாகக் கேட்கவில்லை. விஷயத்தின் பாதி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். டென்மார்க்கில் டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவர் 1973இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். குடிநோயாளிகளுக்குப் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே வேறு வீட்டுக்குத் தத்துப் போன ஆண்பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பெற்ற அப்பன் முகத்தையே பார்த்திராத அந்தப் பிள்ளைகள் குடிநோயில் விழுவது, மற்ற தத்துப்பிள்ளைகளைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. ஆக, ரத்தம் பேசுகிறது. ஆனால் எண்ணைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளில் குடிநோய் வந்தவர்கள் 18 சதவீதம். மிச்சம் 82 சதவீதம் பேருக்கு வரவில்லை. நாத்தனார்கள் எப்போதும் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளெல்லாம் குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி என்கின்றன. உங்கள் பிள்ளைக்கு வர பாதி வாய்ப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. ஊரில் ஒருவர் விழுகிறார், ஒருவர் தப்பிக்கிறார் என்ற வித்தியாசத்தில் பாதியளவுக்கு மரபணுக்கள் காரணம் என்பதுதான் அதன் அர்த்தம். அதிலும் ‘குடிகார மரபணு’ என்று ஒன்று தனியாகக் கிடையாது. சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் உண்டு. ஒன்று கல்லீரல் சாராயத்தைச் செரிக்கும் விதத்தை மாற்றும். ஒன்று நிக்கோட்டின் ஏறும் விதத்தை மாற்றும். இன்னொன்று ஆளின் அவசரபுத்தியைக் கூட்டும். சீனா, ஜப்பான் பக்கத்து மக்கள் பலருக்கு ஒரு மரபணு மாற்றத்தால் கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து குமட்டும். அதனால் அவர்கள் பெரும்பாலும் குடிநோயில் விழுவதில்லை. கெடுக்கிற ரத்தம் போலக் காக்கிற ரத்தமும் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்குச் சராசரியாகப் பாதி மரபணுக்கள்தான் பொது. சீட்டுக்கட்டு ஒன்று என்றாலும் கைக்கு வந்த சீட்டு வேறு.

உங்கள் வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமனாரின் ரத்தம் அவர் உடம்பில் பிறந்த நாளிலிருந்து இருந்தது. அத்தனை வருஷமும் அது காதுகுத்துக்குக் கொஞ்சம் என்பதற்கு மேல் கேட்கவில்லை. 2018 நவம்பர் 16 விடியும்போது தோப்பு தரையில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் அது வாயைத் திறந்தது. நானும் கடைமடைக்காரன்தான் அம்மா. அன்றைக்குச் சாய்ந்த மரத்தில் கையை வைத்தபடி பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்த ஆண்களை என் கண்ணால் பார்த்தேன். புதுக் கன்று வைத்துக் காய் பார்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் யாரும் பேசவில்லை. அதில் எத்தனை பேர் பிறகு என் அறைக்கு வந்தார்கள் என்பதை எழுத மனம் வரவில்லை.

அப்போது உங்கள் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? இதை உங்கள் கடிதமே சொல்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. பெரியவன் தஞ்சாவூரில், மாமா வீட்டில். சின்னவன் உங்களோடு, கரெண்ட் இல்லாத வீட்டில், பன்னிரண்டு வயதில். ராத்திரி அப்பாவைத் தேடிக்கொண்டு டார்ச்சோடு போனது யார்? வாசலில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி உள்ளே போட்டது யார்? ஒரே வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே முகவரி, அவ்வளவுதான். பெரியவன் வளர்ந்தது தோப்பு இருந்த வீட்டில், சின்னவன் வளர்ந்தது தோப்பு விழுந்த வீட்டில்.

அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வீட்டில் அடிதடி, அவமானப்படுத்தல், குடிக்கு அடிமையான பெரியவர், மனநோய், இப்படிச் சிறு வயதில் பட்ட துன்பங்களை வகை வகையாக எண்ணினார்கள். நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதுவுமே படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. பயந்து பயந்து வளரும் மூளை எப்போதும் விழித்த நிலையிலேயே இருக்கப் பழகிவிடும். அபின் வகை மருந்து முதன்முறையாக உள்ளே போகும்போது அந்த விழிப்பை அணைக்கும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் ‘ஜாலியா இருந்துச்சு’ என்று சொல்வதில்லை. ‘அமைதியா இருந்துச்சு சார்’ என்கிறார்கள்.

அடுத்து, அந்தப் பாலம். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. உடைந்த கை ஆறிய மறுவாரம் அதே இடத்திலிருந்து குதிக்கிற பிள்ளையை ஊர் ‘வாலு’ என்கிறது. எங்களுக்கு அது இரண்டு விஷயங்களில் ஒன்று, அல்லது இரண்டுமே. ஒன்று, சிலிர்ப்பைத் தேடும் சுபாவம். மற்றொன்று, ஏ.டி.எச்.டி. என்று நாங்கள் சொல்லும் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் கலந்த நிலை. வகுப்பில் உட்கார முடியாது, வரிசையில் நிற்க முடியாது, கேள்வி முடியும் முன்பே பதில் சொல்வான், அடி வாங்குவான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், போதைப்பொருளைக் கண்ணிலேயே காட்டாத காலத்தில் அவசரபுத்தி மிகுந்திருந்த எலிகள்தான் பிறகு கொகெய்னை அதிகமாக எடுத்துக்கொண்டன. அவற்றின் மூளையில், ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற ரசாயனம் வந்து பொருந்தும் ஒரு வகை ஏற்பிகள் முன்கூட்டியே குறைவாக இருந்தன. போதை பழகியதால் வந்த கோளாறு என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, போதைக்கு முன்பே இருந்த வித்தியாசம். ஏ.டி.எச்.டி.க்குச் சிகிச்சை உண்டு, 19 வயதிலும் உண்டு. சின்னவனை இதற்காகவும் சோதிக்க வேண்டும். பள்ளியிலேயே யாராவது பிரம்பை வைத்துவிட்டு இதைக் கவனித்திருக்கலாம். சரி, விடுங்கள்.

வயசுக் கணக்கு ஒன்றும் பாக்கி. ஆசையைத் தூண்டும் பகுதி மூளையில் பன்னிரண்டு பதிமூன்றிலேயே முழு வேகம் பிடித்துவிடும். ‘வேண்டாம், நில்’ என்று சொல்லும் நெற்றிப் பக்கத்து மூளை முதிர்ந்து முடிய 25 வயதாகும். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், மதகுக்குப் பலகை இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் எது உள்ளே வந்தாலும் ஆழமாக அரித்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் 1990களில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் பத்தில் நாலு பேர் பின்னால் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். இருபதுக்கு மேல் தொடங்கியவர்களில் பத்தில் ஒருவர். சீக்கிரம் தொடங்குகிறவர்கள் ஏற்கெனவே அந்தச் சுபாவக்காரர்களாக இருப்பதும் இதில் ஒரு பங்கு, அதை மறைக்கக் கூடாது. இருந்தாலும் எட்டாம் வகுப்பில் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்த அந்தச் சின்னப் பொட்டலத்தை ‘புகையிலைதானே’ என்று யாராவது சொல்லியிருந்தால், அது தவறு. மெல்லும் புகையிலையும் குட்காவும் 2013இலிருந்து தமிழ்நாட்டில் தடை. தடை இருக்கிறது, பெட்டிக்கடையும் இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று: பெரியவன். ‘எவ்வளவு குடித்தாலும் நிதானம் தப்பாது’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மார்க் ஷுக்கிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இருபது வயதை ஒட்டிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு அளந்து சாராயம் கொடுத்து, எவ்வளவு தள்ளாடுகிறார்கள் என்று அளந்தார். குடிநோயாளிகளின் மகன்கள் பலர் அதே அளவுக்குக் குறைவாகத் தள்ளாடினார்கள். அப்படித் தள்ளாடாதவர்கள்தான் வருஷங்கள் கழித்து அதிகமாகக் குடிநோயில் விழுந்திருந்தார்கள். காரணம் எளிமையானது. இரண்டாவது டம்ளரில் தலை சுற்றுகிறவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான். தலை சுற்றாதவன் ஐந்தாவது டம்ளர் வரை உட்கார்ந்திருப்பான், கூட இருப்பவர்கள் வேறு ‘ஸ்டெடி’ என்று பட்டம் கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் அந்த ரத்தம் யாரிடம் வந்திருக்கிறது என்று பந்தயம் கட்டச் சொன்னால், நான் தங்கமான பிள்ளை பக்கம்தான் கட்டுவேன். அவனை மிரட்ட வேண்டாம். இந்தப் பத்தியைக் காட்டுங்கள், போதும்.

சிங்கப்பூர் யோசனைக்கு வருகிறேன். உங்கள் தம்பி சொல்வதிலும் கால் பங்கு உண்மை இருக்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் மலிவான ஹெராயினில் விழுந்தார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தேடித் தேடிப் பார்த்தார். அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். அப்படி அடிமையானவர்களில், ஊர் வந்த முதல் வருஷத்தில் மறுபடி விழுந்தவர்கள் சுமார் 5 சதவீதம்தான். காடும் பயமும் கூட்டாளியும் பின்னால் போனதும், பெரும்பாலோர்க்கு ஹெராயினும் போய்விட்டது. நம் ஊரிலும் இதைக் கார்த்திகைக்குக் கார்த்திகை பார்க்கிறோம். மாலை போட்டவன் நாற்பத்தெட்டு நாள் தொடமாட்டான். ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள், கடை வாசலில் யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. மாலை கழற்றிய சாயங்காலம் அதே பாலத்துக் கட்டையில் அதே கூட்டாளியோடு உட்கார்கிறான், எல்லாம் பழையபடி. (தினமும் மிதமிஞ்சிக் குடிப்பவர்கள் மருந்தில்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மாலை போட்ட மூன்றாம் நாள் வலிப்போடு தூக்கி வந்தவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். போடும் முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.)

ஆனால் அந்தச் சிப்பாய்கள் போருக்குள்ளிருந்து வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் மகனோ வீட்டிலிருந்து தனிமைக்குப் போவான். மறந்துவிடாதீர்கள், சிங்கப்பூரில் போதைப்பொருள் எடுத்ததாகச் சோதனையில் தெரிந்தாலே கைது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் கடத்தினால் தூக்கு. வளைகுடா நாடுகளில் இந்த மாத்திரை ஓர் அட்டை பையில் இருந்தாலே விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் ஓடட்டும், பிறகு பேசலாம். இடம் மாற்றுவதென்றால் இப்போதைக்குத் தஞ்சாவூர் மாமா வீடே போதும். பெரியவனைக் காப்பாற்றிய வீடுதானே.

உங்கள் கடைசிக் கேள்வி, மருந்து மாற்றுமா என்பது. ரத்தத்தை மாற்றாது, மாற்றவும் வேண்டாம். ப்யூப்ரினார்ஃபின் என்று நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை உண்டு. ஏக்கமும் உடம்பு வலியும் அடங்கும், ஊசி நிற்கும், வேலைக்குப் போக முடியும். சிலருக்குச் சில மாதம், பலருக்கு வருஷக்கணக்கில் தேவைப்படும். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா’ என்று உங்கள் உறவினர்கள் கட்டாயம் கேட்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் உடம்பு வேதனை அடங்கிவிடும், அப்போது ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். ஆபத்து அதற்கு அப்புறம்தான். நிறுத்தி ஒரு மாதம் ஆனவன் உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மறுபடி பழைய அளவையே ஏற்றினால் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். இறந்து போகிற பிள்ளைகளில் பலர், நிறுத்திவிட்டுத் திரும்பியவர்கள். அதேபோல் சாம்பாரில் தெரியாமல் கலக்கும் பொடியை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ‘கட்டிப்போட்டுச் சரிசெய்கிறோம்’ என்று சொல்லும் மையத்தின் வாசலையும் மிதிக்காதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதே குற்றம்.

தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் உடனே முடியாவிட்டால், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை உங்கள் பக்கம் வருகிறார் என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். ராத்திரி ஏதாவது என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். போதை மீட்புக்கென்றே 14446. இரண்டுக்கும் காசு கிடையாது.

அவனிடம் எப்படிப் பேசுவது? அட்டைகளை முன்னால் கொட்டி விசாரிக்காதீர்கள். உடம்பு வலியோடு கிடக்கிற அந்த இரண்டாம் நாள்தான் நல்ல நேரம். பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது காய்ச்சல் இல்லைன்னு எனக்குத் தெரியும்ப்பா. இந்த வலிக்கு மருந்து இருக்காம், போய்ட்டு வருவோம்’ என்று மட்டும் சொல்லுங்கள். ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். தன் தலையெழுத்து அதுதான் என்று நம்புகிற பிள்ளை சிகிச்சைக்கு எழுந்திருக்கமாட்டான்.

வரும்போது பெரியவனையும் கூட்டி வாருங்கள். அவனிடம் ஒன்றும் விளக்க வேண்டாம். தம்பியைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள், வந்துவிடுவான்.